எடு என்பதன் சரியான பொருள்

பெயர் வைக்கிற விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குச் சோம்பல் அதிகம், இன்ஸ்பெக்டர் சார். ராஜபாளையத்தில் நான் குடியிருக்கும் தெருவிலேயே நாலு தங்கச்சாமி. ஒருவனைக் கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். அதில் யாருக்கும் வெட்கமில்லை.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியிலும் அதே லட்சணம்தான். காயத்தில் வைத்துக் கட்டும் காஸ் துணியை நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்லும் மெஷினுக்கு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் புரோகிராம்தான் சொல்லும். அதை மாற்றும்போதெல்லாம் பழையதைப் பத்திரமாக வைக்க, எனக்கு முன்னால் இருந்த சுப்புராஜ் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். பெயர் ‘பெட்டி’. ‘போடு’ என்று டைப் அடித்தால் உள்ளே போகும், ‘எடு’ என்றால் வெளியே வரும். மளிகைக்கடைக்காரன் எழுதியது போல இருந்தது.

தொண்ணூற்று நாலில் அதை நான் திருத்தி எழுதினேன். பெட்டியைக் ‘களஞ்சியம்’ ஆக்கினேன். வைத்ததைத் திரும்பப் பெற ‘கொணர்’. ‘எடு’ என்றால் இனிமேல் நீக்கு.

ஆபரேட்டர் பரிபூரணம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள், எல்லார் முன்னாலும் சிரித்தாள்.

“கொணர்னா வேதம் வாசிக்கிற மாதிரில்லா இருக்கு சார். எடுன்னே இருந்துட்டுப் போவட்டுமே.”

“குப்பையை எடுன்னா கொண்டாந்து கையில குடுப்பியாம்மா?” என்றேன்.

“பிள்ளைய எடுன்னா குப்பையிலயா சார் போடுவோம்?”

முதலாளிகூடச் சிரித்தார். பிளஸ் டூ படித்தவளோடு நான் வாதாடுவதில்லை. புது வார்த்தைகளைச் சுவரில் ஒட்டினேன், அவளும் தலையாட்டினாள். அழிக்கும் முன் ‘நிச்சயமா?’ என்று கேட்கும் வரியை மட்டும் நான் சேர்க்கவில்லை. புத்தியுள்ளவனை அப்படிக் கேட்பது அவமானம்.

ஆடி மாதம் மெஷின் கதவைச் சோதித்துப் பார்த்தோம். அதற்கென்று, சூடு ஏறியதும் இறங்கிவிடும் ஒரு சோதனைப் புரோகிராம். சோதனை முடிந்ததும் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியவள் பரிபூரணம். பழக்கதோஷத்தில் ‘எடு’ என்று அடித்தாள். நல்ல புரோகிராம் அழிந்தது, சோதனைப் புரோகிராம் மெஷினிலேயே தங்கிவிட்டது. திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. ‘அழிந்தது’ என்று நான் போட்டிருக்கலாம். ஆனால் முடிந்தது என்பதும் பொய்யில்லையே.

அன்றைய சரக்கு அப்படியே ஓடியது. துணி சூடானது, கிருமி சாகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அந்தத் துணி வைத்துக் கட்டிய மூன்று பெண்கள் சீழ் பிடித்துச் செத்தார்கள். அதில் மாடத்தி என்பவளுக்கு இரட்டைப் பிள்ளைகளாம். பரிபூரணத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு போனீர்கள். “எடுன்னுதான சார் அடிச்சேன்” என்று இங்கே அழுதாளாமே. அதுதான் குற்றம் என்றுகூடப் புரியாத ஜென்மம்.

நான் அவளுக்காக வரவில்லை. பேப்பரில் ‘கம்ப்யூட்டர் கோளாறு’ என்று போட்டிருக்கிறார்கள். களஞ்சியத்தில் எந்தக் கோளாறும் இல்லை, நான் எழுதியபடியே நடந்தது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் அடிக்கும்போது நான் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். திரையில் அந்த வார்த்தை விழுவதைப் பார்த்தேன். சாயங்காலம் சரக்கு லாரியில் ஏறும்போதும் வாசலில் நின்றேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நாமே சொல்லிக்கொண்டிருந்தால், சார், இவர்கள் எந்தக் காலத்தில் கற்றுக்கொள்வார்கள்?