பெயர் வெட்டிய அண்டா

கிட்ட வந்து உட்காருங்கள், ரேவதியம்மா. சாற்றைச் சோதிக்க வந்த ஆபீசர் என்பதற்காக நின்றுகொண்டே இருக்க வேண்டுமா? இந்த டம்ளரைப் பிடியுங்கள், கறுப்புத் திராட்சை, இப்போதுதான் பிழிந்தது. ஒரு அசட்டுக் கிழவியின் கதை சொல்கிறேன். அசடு நான்தான்.

கிரிவலம் வருகிறவர்கள் என் கடையில் நிற்பது சாற்றுக்காக என்று நினைக்காதீர்கள். இந்தப் பித்தளை அண்டாவுக்காக. பாருங்கள், 'காசியம்மாள்' என்று வெட்டியிருக்கிறது. எழுத்து ரோட்டைப் பார்க்கும்படிதான் வைப்பேன். எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. அதைவிட அழகான சொல் உலகத்தில் இல்லையென்று ஒரு எண்ணம்.

என் மருமகள் மதிவதனி காலேஜில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஒருநாள் சாற்றைச் சோதித்துவிட்டு வந்தாள்.

"அத்தை, அண்டாவுக்குப் பூசின ஈயத்துல காரீயம் கலந்திருக்கு. புளிப்பு பட்டா சாறுல இறங்குது. புள்ளைங்க மூளையையே கெடுத்துடும். எவர்சில்வர் வாங்கிக்கலாம்."

"அதுல எம்பேரு இருக்குமா?"

"வெட்டிக்கலாம் அத்தை."

"இந்த மாதிரி வளைவா வருமா?"

என்னோடு வாதாடி ஜெயித்தவர் வீட்டில் யாருமில்லை. கடைசியில் ஒரு வடிகட்டி வாங்கி வந்து மாட்டினாள். உள்ளே மணிமணியாக ஏதோ இருந்தது. சாறு இறங்கும்போது காரீயத்தை அது பிடித்துக்கொள்ளுமாம். மறுபடி சோதித்தாள், சுத்தமாக இருந்தது. 'காரீயம் நீக்கிய பழச்சாறு' என்று பலகையும் மாட்டினாள். அதுவரை காரீயத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பலகையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கென்றே பாட்டிலில் வாங்கிப்போனார்கள்.

ஆனால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். ஒரு பௌர்ணமியன்று வரிசை நீண்டுவிட்டது. பக்கத்துக் கடைக் கருப்பன் கத்தினான்: "இன்னாக்கா, குளுக்கோஸ் ஏத்துறியா? சொட்டு சொட்டா உடுற!"

கூட்டம் சிரித்தது. என் பெயரைப் பார்த்துக்கொண்டே சிரித்தது. மணிகளை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு, வெறும் கூட்டைத் திரும்ப மாட்டினேன். மருமகள் மனசு நோகக் கூடாதே. அப்புறம் மணிகள் போடவே இல்லை. பலகையைக் கழற்றவில்லை. உயரம், எனக்கு எட்டாது.

எதிரே பூ விற்கும் சினேகாவுக்கு ஒரே மகள், பூஜா. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அண்டாவின் எழுத்தை உரக்க வாசிப்பாள். அதற்காகவே தினமும் ஒரு டம்ளர், சும்மா. கொஞ்ச நாளில் வயிற்றுவலி என்று சுருண்டாள். ரத்தத்தில் காரீயம் என்றார் டாக்டர். சினேகா என்னிடம் வந்து அழுதாள்.

"செவுத்து பெயிண்ட்டா இருக்குமோன்னு சொல்றாங்க ஆயா. வெளியில எதுவுமே வாங்கித் தர்றதில்ல. உங்க ஜூஸ் ஒண்ணுதான். அதுலதான் காரீயத்தையே எடுத்துடுறீங்களே."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இனிமே ரெண்டு டம்ளரா குடிக்கட்டும், உடம்பு தேறும்" என்று வந்தது. பாவம், அவள் வீட்டையே மாற்றினாள். பால் காய்ச்சுகிற அன்று நானும் போனேன், வெறுங்கையோடு போகலாமா, சாறு கொண்டுபோனேன்.

போன வாரம் பூஜாவிடம் அண்டாவைக் காட்டி, வாசி என்றேன். விழித்தாள். ஒரு எழுத்துகூட வரவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இனி யார் வாசிப்பார்கள்?

எழுதிக்கொள்ளுங்கள்: மணிகளைக் கொட்டியது நான். தெரிந்தேதான் ஊற்றினேன். அண்டாவை மட்டும் குறை எழுதாதீர்கள்.

டம்ளரை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பாட்டில் நிரப்பி வைத்திருக்கிறேன், எடுத்துப்போங்கள். உங்கள் வீட்டில் நோய்நொடி எட்டிப்பார்க்காமல், பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பேர் எடுக்கட்டும்.