மூணு வச்சு எண்ணுதவங்க

— அத அப்பிடித் தூக்காதட்டி ஜான்சி! ஒயர் புடுங்கிரும்.

— அரே மாரீஸ்வரி, எனக்குத் தெரியாதா? மொத போர்டுக்கு ஒயர் போட்டதே நான்தான். பாத்துட்டு வச்சிருதேன், அவ்வளவுதான்… இங்க ‘எம்.ஏ.’ன்னு எழுதியிருக்கே. முன்ன ‘எம்.ஜே.’ன்னுல்ல இருந்துச்சு?

— மாரீஸ்வரி, அஸாருதீன். புது போர்டுக்குப் புதுசாத்தான எழுதணும்.

— எழுது, எழுது. இந்த சால்டரிங் எல்லாம் அவனா?

— ஆமா.

— சுத்தமா இருக்கு.

— அத ஏன் கசாயம் குடிச்ச மாதிரி சொல்லுத?

— வெக்க தாங்கல, அதான். மே மாசத்துல இந்தத் தகரத்துக்குக் கீழ எப்பிடித்தான் உக்காந்திருக்கியோ.

— தாராவில மாடின்னா இப்பிடித்தான். நீ சுனாபட்டிக்கு வீடு மாறுனதும், முலுண்ட்ல ஏசி ஆபீஸ்ல உக்காந்ததும் மறந்து போச்சாக்கும்? சரி, இதப் பாரு. ஆறு போடுதேன். ஒம்போதுக்குப் பச்சை லைட்டு, அதுல மூணு கழிக்கச் செவப்பு, கடைசில சைபருக்கு வெள்ளை. பாத்தியா, வெள்ளை நடுங்குது? இப்பம் செவப்பா மாறி ஒண்ணக் கழிச்சிரும். ஆறு அஞ்சாயிரும்.

— வீடியோல நல்லாத்தான எரிஞ்சுது?

— வீடியோ பாத்தியா? ஒரு லைக்கு கூட போடலையே.

— டைம் இல்லட்டி.

— அது காலேஜ் லேப்ல எடுத்தது. அங்க ஏசி.

— பேப்பர்காரன்ட்ட என்னமா பேசியிருக்க! ‘எல்லா கம்ப்யூட்டரும் உண்டு, இல்லைன்னு ரெண்ட வச்சுத்தான் எண்ணுது. நாங்க கூட்டு, கழி, சைபர்னு மூணு வச்சு எண்ணுதோம். கம்மி ஒயர்ல பெரிய நம்பர் போகும்.’ அது என் டயலாக்கு. செம்பூர்ல காலேஜ் கேன்டீன்ல வடாபாவ் தின்னுக்கிட்டே நான் உன்கிட்ட சொன்னது.

— உன் பேரையும் சேத்துத்தான் சொன்னேன். அவங்க போடல.

— போட்டோல அவன் மட்டும் நல்லாப் பல்லக் காட்டுதான்.

— நீதானட்டி விட்டுட்டுப் போன? நான் போகச் சொன்னனா?

— அப்பா டாக்ஸி ஓட்ட முடியாமப் படுத்துட்டாரு. ரெண்டா மூணான்னு நான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தா வீட்ல அடுப்பு எரியுமா?

— நான் அதுல ஒரு குத்தமும் சொல்லலியே.

— சொல்லல. ஆனா என் நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள அவன உக்கார வச்சுட்டல்ல? ‘சாயங்காலம் மட்டும் வந்துட்டுப் போ’ன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

— பண்ணுனேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா? ‘பக்வாஸ், சும்மா உளறாத, மூணு வச்சு எவன் கம்ப்யூட்டர் செய்வான், விடு’ன்னு நீதான் வச்சுட்ட.

— வயித்தெரிச்சல்ல ஒருத்தி சொன்னா அத அப்பிடியே நம்பிருவியா?

— இப்பம்? இன்னும் எரியுதா?

— எரியுது. லோக்கல் ரயில்ல தொங்கிக்கிட்டு வரும்போதும் எரியுது, சோத்துல கை வைக்கும்போதும் எரியுது. ஆபீஸ்ல ஒருத்தி உன் வீடியோவ எனக்கே அனுப்பி, ‘உங்க காலேஜ்தான, இவளத் தெரியுமா’ன்னு கேக்கா. தெரியாதுன்னுட்டேன்.

— தெரியாதுன்னா சொன்ன?

— ஆமா.

— …சரி. உன்ன எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனைக்க? பெருமை காட்டவா? நாளைக்கு மாட்டுங்கா ஹால்ல போட்டி. ஜெயிச்சா போட்டி நடத்துத லேப்காரங்க செலவுல இத நெசமான சிப்பாவே செஞ்சு தருவாங்க. அந்த ஹால்ல ஏசி கெடையாதாம். அஸார் லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போயிப் போயி எல்லா ஐசியும் மாத்திப் பாத்துட்டான். எனக்கு வேற யாரத் தெரியும்?

— அவனாலயும் முடியலையா?

— முடியல.

— இன்னொரு தடவ சொல்லு.

— முடியலட்டி! போதுமா? மனசு குளுந்துச்சா?

— கொஞ்சம்… சலோ, இப்பிடித் திருப்பு. சைபருக்கு நடு அளவு வோல்ட்ட எதுலேர்ந்து எடுத்திருக்கீங்க?

— இந்த டயோடு மூணுலேர்ந்து.

— அதான் லஃப்டா, கோளாறே அங்கதான். டயோடு சூடானா வோல்ட் எறங்கும். நடுவுல நிக்க வேண்டியது எறங்கி எறங்கி கழிக்குப் போயிருது. அதுக்கு ஐசிய மாத்தி என்ன பண்ண? மூணையும் கழட்டு. ஒரே அளவு ரெசிஸ்டர் ரெண்டு எடுத்து சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போடு, பாதிய அங்கேருந்து எடு. சூடானாலும் ரெண்டும் சேந்து ஏறும். பாதி பாதியாவே இருக்கும்.

— இரு… இந்தா கழட்டிட்டேன். அந்த டப்பாவ இங்க தள்ளு. இந்த ரெண்டும் ஒரே அளவுதான?

— ஒரே அளவுதான். வை. ஃபேன நிறுத்திட்டு ஆறு போடு. நல்லா சூடாகட்டும்.

— …ஏ ஜான்சி! வெள்ளை அசையாம நிக்குதுட்டி!

— ம்.

— எங்க சார் பாத்தாரு, அஸார் வாரக்கணக்கா மண்டைய ஒடச்சான். நீ வந்த ஒடனே எப்பிடிட்டி கண்டுபிடிச்ச? ஆபீஸ்ல இதெல்லாமா செய்யுத?

— ஆபீஸ்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எக்ஸெல் ஷீட்தான்.

— நாளைக்கு லீவு போட்டுட்டு எங்ககூட வந்து நில்லு. உன் பேரையும் இதுல எழுதிருதேன். எம், ஏ, ஜே. அஸார் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

— அவன் ஒண்ணும் சொல்லாம இருக்கதுக்கா நான் வரணும்? வேண்டாம். லீவு போட்டாச்சு, ஆனா உங்ககூட நிக்க மாட்டேன்.

— இம்புட்டு எரிச்சல வச்சுக்கிட்டு எதுக்குட்டி சரி பண்ணிக் குடுத்த? பேசாமப் போயிருக்கலாம்ல, நாளைக்கு நாங்க எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டுருப்போம்ல?

— கெட்டுப்போன மெஷின ஜெயிச்சு எனக்கு என்ன பெருமை மாரி? நேரத்துக்கு வந்துரு. பக்கத்து டேபிள்ல நிக்கப்போற மெஷின் என்னோடது.