பதினொரு நாளாகக் காணவில்லை

தேற்றாத்தீவில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் பின் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவள் போனைப் பார்த்துச் சொன்னதில் என் தூக்கம் கலைந்தது.

“பதினொரு நாளா என்னைக் காணல்லையாம் மச்சாள். கவலையா இரிக்காம்.”

“ஆரு, கட்டார்ல இரிக்கிற உன்ட புருசனா?”

“அவரெங்க? இது வி.பி.என். எண்ட ஆப். அரசாங்கம் பேஸ்புக்கை மறிச்ச நேரம் இலவசமா எடுத்துப் போட்டது.”

“போனில என்ன பாக்கிறம் எண்டு ஆருக்கும் தெரியாம மறைக்கும் எண்டாயே, அதா?”

“ஓம். நம்மட விசயம் ஒண்டையும் அவங்க எழுதி வைக்கிறல்லையாம். சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லியிரிக்காங்க.”

“எழுதி வைக்காதவனுக்குப் பதினொரு நாள் எண்டு எப்பிடிகா தெரியும்?”

கல்லடிப் பாலம் வரும்வரை பின்னால் போனைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இளையவள் பெருமூச்சு விட்டாள்.

“அழிச்சிட்டன் மச்சாள். ஆனா ஒண்டு சொல்றன். நான் ஒரு கிழமை பேசாட்டியும் உங்கட தம்பி இப்பிடித் தேடினதில்ல. எத்தினை நாள் எண்டு கேட்டாலும் அவருக்குத் தெரியாது.”

“அப்ப அவனை நம்பலாம்கா. அவன்தான் உண்மையா ஒண்டையும் எழுதி வைக்காதவன்.”