வாய்வரை வரட்டும் அந்தக் கை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ரெமி அவர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, உருளைக்கிழங்கை அடுப்பில் விட்டுவிட்டு மேலங்கியோடு வந்து நிற்கும் சமையற்கூடத்துத் தாய்மார்களே, ஞாயிறுதோறும் பூங்கொத்தோடு வந்து, காப்பி முடிந்ததும் கடிகாரம் பார்க்கும் பிள்ளைகளே! இந்த இல்லத்தின் பன்னிரண்டாம் அறையில் வாழும் கோடலீவ என்பவளின் மாலை வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? லீவனுடைய சாப்பாட்டுக் கையை மறுபடி அவர் வாய்வரை வரவிடலாமா, கூடாதா? அதற்காக.

லீவனை அறியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கோர்ட்ரெய்க் நகரில் கூரைக்கு ஓடு வேய்ந்தவர். ஒரு மழை நாளில் ஓட்டோடு தாமும் விழுந்தவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பதினோரு ஆண்டுகள் பிறர் ஊட்ட உண்டவர். சென்ற வசந்தத்தில் அவர் மேசையில் ஒரு மோட்டார் கையைப் பொருத்தினார்கள். கன்னத்தருகே உள்ள பொத்தானைத் தட்டினால் கரண்டி சூப்பில் மூழ்கும், எழும், உதட்டருகே வந்து நிற்கும். முதல் நாள் அவர் சொன்னது என் காதில் இன்னும் ஒலிக்கிறது. "பதினோரு வருஷமா ஆறுன சூப்புதான். இன்னைக்கு நாக்கு சுட்டுப்போச்சு. அடடா, என்ன சுகம்!"

ஆறு மாதம் அந்தச் சுகம் நீடித்தது. அக்டோபரில் ஒரு வியாழன் மதியம் அதே கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கரண்டி பல்லில் மோதியது. பல் உடைந்தது, உதடு கிழிந்தது, தக்காளி சூப்பில் எது சூப்பு, எது இரத்தம் என்று தெரியவில்லை.

உடனே என்ன செய்தோம்? கூடினோம், குமுறினோம், கையின் வீச்சைக் குறைத்தோம்! முகத்துக்கு இரண்டு சாண் முன்னாலேயே அது நின்றுவிட வேண்டும் என்று ஆணையிட்டோம். நின்றது. கரண்டி அங்கே, வாய் இங்கே. மூன்று வாரமாகப் பழையபடி ஊட்டுகிறோம். பாதுகாப்பு என்கிறோம். யாருக்குப் பாதுகாப்பு? அவர் உதட்டுக்கா, நம் உறக்கத்துக்கா?

பின்வரிசையில் யாரோ, "மெஷினை எப்படி நம்பறது?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதைப் பழுதுபார்க்கும் கிரீட்டிடம் நானும் கேட்டேன். அவள் சொன்னாள்: "அதுக்குக் கண்ணு கிடையாது மேடம். முழிச்சதும் தான் நிக்கிற எடம்தான் தொடக்கம்னு நினைச்சுக்கும். அங்கேருந்து மோட்டார் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிக்கிட்டே வரும். அணைச்சு வச்சிருக்கும்போது யாராச்சும் நகர்த்தியிருந்தா, எண்ணிக்கை சரியா இருக்கும், எடம் தப்பாப் போயிடும்."

அன்று அதை நகர்த்தியவர் யார்?

நான்.

சத்தம் போடாதீர்கள், முழுவதும் கேளுங்கள். கன்னியர் மடத்தில் எனக்கு முதலில் கற்றுத் தந்தது கத்தியும் முள்ளும் மேசை விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும் என்பதுதான். இந்த ஊர்ப் பெண்கள் நாம் எல்லாருமே அப்படித்தான். காலி மேசையையும் துடைப்போம், கோணலாக எதையும் விட மாட்டோம். அன்று அந்தக் கை கோணலாகக் கிடந்தது. மேசை விரிப்பின் மடிப்புக்கு நேராகத் தள்ளி வைத்தேன். நான்கு விரற்கடை. அந்த நான்கு விரற்கடைதான் அவர் பல்.

கிரீட் விளக்கியதும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எட்டு நாள் வாய் திறக்கவில்லை. எண்பத்தொரு வயதுப் பெருமை, எளிதில் குனியாது. ஒன்பதாம் நாள் லீவனிடம் போனேன்.

"லீவன், அன்னைக்கு அதை நகர்த்தினது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க. வேணும்னா திட்டுங்க."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "திட்ட எனக்கு வாய் இருக்கு மேடம். சாப்பிடத்தான் கை இல்ல. அதைத் திரும்ப வாங்கிக் குடுங்க."

அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

கிரீட் இப்போது இரண்டு காரியம் செய்திருக்கிறாள். கையின் அடியில் ஒரு சிறு சுவிட்ச். விழித்ததும் கை மெல்லப் பின்னால் போய் அதைத் தொட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்கும். யார் எங்கே நகர்த்தினாலும் அதன் தொடக்கம் மாறாது. எண்ணிக்கையே பிசகினாலும், உதட்டுக்கு ஒரு நகம் முன்னால் ஓர் இரும்பு முளை குறுக்கே நின்று தடுக்கும்.

நம்பிக்கை வேண்டாமா? செவ்வாயன்று அவருடைய இடத்தில் நானே உட்கார்ந்தேன். வேண்டுமென்றே பொய்க்கணக்குக் கொடுத்து ஓட்டும்படி கிரீட்டிடம் சொன்னேன்.

"கண்ணை மூடிக்கோங்க மேடம்."

"எதுக்கு? பல்லெல்லாம் காசு குடுத்து வாங்கினதுதான். விடு!"

சிரியுங்கள், சிரியுங்கள்! கரண்டி வந்தது, முளையில் இடித்தது, நின்றது. என் கழுத்துப்பட்டியில் ஒரு சொட்டு சூப்பு. வேறு சேதமில்லை.

அன்பர்களே! எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லை இல்லாத கை அடிக்கும். எட்டாத கையோ பட்டினி போடும். நம் அச்சத்தை அளந்து வைத்த எல்லை இரண்டு சாண். அவர் வாயை அளந்து வைத்த எல்லை ஒரு நகம். எதை வைக்கப் போகிறோம்?

தலைவர் அவர்கள் இப்போது வாக்குக் கேட்பார். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. உங்கள் இல்லங்களில் நலம் நிறையட்டும். என் பேச்சு முடிந்தது. கை தூக்க முடிந்தவர்களே, தூக்க முடியாத ஒருவருக்காகத் தூக்குங்கள். வணக்கம்.