நெஞ்சுக்கறிக்கு ஆள் வரவில்லை

மன்கா: அந்தச் சட்டிய எத்தன தடவைடா திறந்து பாப்ப? கறி எழுந்து ஓடியா போயிடும்?

அனாயேல்: ஆறிடுச்சான்னு பாத்தேங்கா.

மன்கா: ஆறாம என்ன செய்யும்? காலைல வெந்த கறி. மூடு, ஈ மொய்க்குது.

அனாயேல்: அண்ணன் வந்ததும் சூடு பண்ணிக் குடுத்துடு. நெஞ்சுக்கறி... வேற யாராச்சும் கை வெச்சுடப் போறாங்க.

மன்கா: கிளிமஞ்சாரோவுல பொறந்த எவன்டா மூத்தவன் பங்குல கை வைப்பான்?

அனாயேல்: உன் வீட்டுக்காரரு வைப்பாரு. வாழைப்பழக் கள்ளு உள்ள போயிடுச்சுன்னா அவருக்கு மூத்தவனும் ஒண்ணுதான், இளையவனும் ஒண்ணுதான்.

மன்கா: பாவம், அவர ஏன் இழுக்கற? அவரு பாட்டுக்குத் தோட்டத்துல உக்காந்து உன் மாமனாருக்கு அரசியல் பாடம் நடத்திட்டு இருக்காரு.

அனாயேல்: அய்யோ, என் மாமனாருக்கா? மனுஷன் இனிமே அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாரு.

மன்கா: வரலேன்னா கறி மிச்சம்.

அனாயேல்: அறுபது பேரு வந்துருக்காங்கக்கா! டார் எஸ் சலாம்லேருந்து மட்டும் மூணு வண்டி. எல்லாருக்கும் பத்துச்சுல்ல? வாழைக்காயும் கறியும்... யாராச்சும் கொற சொன்னாங்களா?

மன்கா: சொன்னாங்களே. உன் கொழுந்தியா. கக்கூஸுல தண்ணி வரலன்னு.

அனாயேல்: அது கெடக்கு. சாப்பாட்டுல?

மன்கா: சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. ஆனா எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேட்டாங்க.

அனாயேல்: என்னன்னு?

மன்கா: ருவைச்சி அண்ணன் எங்கன்னு.

அனாயேல்: ...நீ என்ன சொன்ன?

மன்கா: வந்துட்டு இருக்காருன்னு சொன்னேன். நீ?

அனாயேல்: நானும் அதத்தான் சொன்னேன்.

மன்கா: ம்.

அனாயேல்: பக்கத்து மேடுதானே... ஓடையத் தாண்டினா வந்துடலாம். சர்ச் விட்டு எவ்ளோ நேரமாச்சு!

மன்கா: சர்ச்சுக்கே அவரு வரலடா.

அனாயேல்: அப்டியா? கவனிக்கல.

மன்கா: முன் பெஞ்சுல அவரு எடம் காலியா கெடந்துது. நீ தலையத் தூக்கினாத்தானே கவனிக்க?

அனாயேல்: ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்.

மன்கா: பாதிரியார் கல்யாண அறிவிப்பு வாசிக்கறப்பவுமா?

அனாயேல்: இப்ப என்னக்கா வேணும் உனக்கு?

மன்கா: விடியறதுக்கு முன்னாடியே ஆட்ட அறுத்துட்டியே... அண்ணன எப்ப வரச் சொல்லியிருந்த?

அனாயேல்: ஏய் பசங்களா! தண்ணித் தொட்டிகிட்ட என்ன சத்தம்? தள்ளிப் போங்க!

மன்கா: பசங்க இருக்கட்டும். எப்ப வரச் சொன்ன?

அனாயேல்: ...சர்ச் விட்டப்புறம்.

மன்கா: வேணும்னேவா?

அனாயேல்: இரு, சட்டி மூடி சரியா இல்ல.

மன்கா: தம்பி, உன்னத்தான்.

அனாயேல்: ஆமா. வேணும்னேதான்.

மன்கா: அப்பா போனதுலேருந்து இந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் ஆட்ட அண்ணன் கைதான்டா அறுத்துருக்கு. அவரு அறுத்து, அவரு பங்கு பிரிச்சு...

அனாயேல்: எனக்குத் தெரியாதா? வீடு யாருதுக்கா?

மன்கா: உன்னுது. கடைசிப் புள்ளைக்குத்தான் அப்பா வீடு. யாரு இல்லேன்னா?

அனாயேல்: கூரை மாத்துறது நான். வர்றவங்களுக்குப் படுக்கை போடுறது நான். அந்த ஆட்டுக்கு வருஷம் பூரா தழை அறுத்துப் போட்டது நான். அவரு வருவாரு, அறுப்பாரு... "டேய், தண்ணி கொண்டா! டேய், காலப் புடி!" போன வருஷம் என் மாமனார் முன்னாடி என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?

மன்கா: இருக்கு.

அனாயேல்: சொல்லு.

மன்கா: "இவன் இந்த வீட்டுக்குக் காவக்காரன், வீட்டுக்காரன் நான்தான்"னாரு.

அனாயேல்: எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.

மன்கா: ...சிரிச்சேன்.

அனாயேல்: என் புள்ளையும் சிரிச்சான்கா. அதான்... ஒரே ஒரு தடவ, என் வாசல்ல, என் கையால அறுத்து, நானே அவருக்கு நெஞ்சுக்கறிய நீட்டணும்னு ஆச. அவர அவமானப்படுத்தணும்னு இல்ல. சத்தியமா.

மன்கா: வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேடா.

அனாயேல்: கேட்டா விட்டிருப்பாரா? நீயே சொல்லு. ...ஏன் அந்தப் பக்கம் திரும்பற?

மன்கா: பொக.

அனாயேல்: அடுப்பு அணைஞ்சு எவ்ளோ நேரமாச்சு... அழாதக்கா. தப்பு என்னுதுதான். இப்பவே போறேன். வேலியில ஈசாலே இலை ஒண்ணு பறிச்சு, முடிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போறேன். அந்த இலைய நீட்டிட்டா மன்னிக்க மாட்டேன்னு இந்த மலையில எவனும் சொல்ல முடியாதுல்ல?

மன்கா: சொல்ல முடியாது.

அனாயேல்: அப்ப சட்டிய எடு. சூடு பண்ண வேணாம், அவரு வீட்டுலயே பண்ணிக்கலாம்.

மன்கா: வீட்டுல இல்லடா அவரு. பூட்டிட்டு அருஷாவுக்கு மக வீட்டுக்குப் போயிட்டாரு.

அனாயேல்: கிறிஸ்துமஸ் அன்னிக்கா? யாரு சொன்னா?

மன்கா: அவருதான்.

அனாயேல்: போன் பண்ணாரா? எப்ப?

மன்கா: போன் இல்ல.

அனாயேல்: பின்ன?

மன்கா: இருட்டு பிரியறதுக்குள்ள இங்கதான் வந்து நின்னாருடா, வேலிகிட்ட. கையில முடிச்சுப் போட்ட ஈசாலே. போன வருஷம் பேசுனதுக்கு உங்கிட்ட மன்னிப்பு கேக்கணும், இனிமே இந்த வீட்டுல தம்பியே அறுக்கட்டும்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு... அப்பதான் நீ ஆட்டக் கீழ சாய்ச்ச. உன்னக் கூப்பிட நான் வாயத் தொறந்தேன். "வேணாம் மன்கா, கத்தி கையில இருக்கு, என்னப் பாத்தா பதறிடுவான். இன்னிக்கு அவனே வீட்டுக்காரனா இருக்கட்டும், நான் மக வீட்டுக்குப் போறேன்"னுட்டுப் போயிட்டாரு.