நல்லா உறைஞ்சிருக்கு

சார்ஜென்ட் ஐயா, மேசையில் இருக்கும் ரொட்டி இன்று காலை சுட்டதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் முன்னால் எழுகிறவள் நான். அதனால் பனிச்சறுக்கு வழிகாட்டிகள் மலையேறும் முன் என் கடையில் நின்று, ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கொல்லையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கிறேன். அது உறைந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வேன்.

செப்டம்பரில் வசந்தம் பிறந்தால் ஆண்டீஸில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வானம் தெளிந்த இரவென்றால் பனி இறுகும். விடியலில் ஏறி, பதினொரு மணிக்குள் இறங்கிவிடலாம். மேகம் மூடினால் மேலோடு மட்டும் இறுகி ஆளை ஏமாற்றும். வெயில் ஏற ஏற ஈரப்பனி மொத்தமாகச் சரியும்.

எலியோதோரோ எதிர்வீட்டுக்காரன். நல்ல வழிகாட்டி, வாய்தான் நீளம். அவன் மனைவி நெல்டா தலைக்குச் சாயம் பூசத் தொடங்கியது வேறு கதை. ஆகஸ்டில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, பள்ளிக்கூட டீச்சர் உண்டாகியிருப்பதை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் குறுக்கிட்டான்.

"ஹெர்மினியா அக்கா கடையில ரொட்டிதான் சுடச்சுட. சேதியெல்லாம் ஊசிப்போனது. புள்ள பொறந்து பேரு வெச்சப்புறம் வந்து, அவ முழுகாம இருக்காம்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை, விடிவதற்குள் ஐந்து முறை வெளியே போய் வாளியைப் பார்த்தேன். வெறும் தண்ணீர். வானம் முழுக்க மேகம். ஆறு மணிக்கு அவன் வந்தான். சான்டியாகோவிலிருந்து சனிக்கிழமை வரும் ஆட்களுக்காகக் கிழக்குச் சரிவைத் தனியாகப் போய்ப் பார்த்து வரவேண்டுமாம்.

"என்னக்கா, உறைஞ்சுதா?"

"நல்லா உறைஞ்சிருக்கு. தட்டுன விரலு இன்னும் வலிக்குது."

பிறகு காப்பி கொடுத்தேன். அவன் மச்சானின் நிலத்தகராறு பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை மட்டும் சொன்னேன். மீதியைக் கேட்க அவனே உட்கார்ந்துவிட்டான். கிளம்பும்போது எட்டரை. மேகமும் கலைந்து நல்ல வெயில். தேர்ந்த ஆள், பனியில் கால் வைத்ததும் கண்டுபிடித்துத் திரும்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

நண்பகலில் பைனாகுலரில் பார்த்தேன். பாறைகளுக்கு அடியிலிருந்து சின்னச்சின்னப் பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தன; பெரிய சரிவுக்கு அதுதான் முன்னறிகுறி. அவன் அவற்றுக்கு நேர் கீழே இருந்தான், இன்னும் ஏறிக்கொண்டு. சுவரில் வழிகாட்டிகளோடு பேசும் வாக்கி டாக்கி தொங்கியது. அதைப் பார்த்தேன். கையிலிருந்த மாவைக் கழுவினேன், தலை வாரினேன், கறுப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

நெல்டா கதவைத் திறந்ததும் அணைத்துக்கொண்டேன். "மனசைத் தேத்திக்கோடி. எலியோதோரோ பனிக்கடியில போயிட்டான்."

"யாரு சொன்னா?"

"நான்தான் மொதல்ல சொல்றேன்."

அவள் தன் வாக்கி டாக்கியை எடுக்கத் திமிறினாள். நான் விடவில்லை. ஆறுதல் சொல்கிறவள் அப்படித்தானே பிடித்துக்கொள்வாள். நல்ல பலம் அவளுக்கு, இதோ தோளில் நகக்கீறல் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மலையில் சத்தம் கேட்டது.

சேதியில் பொய் இல்லை, ஐயா. கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.