வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்

காலையில் ஹெப்பாள் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "கார்ட்டூன் பாத்து எங்க மாமனார் அழுதுட்டாரு குரு" என்றான் ஜன்னலோரம் இருந்தவன். அதற்குப் பிறகு என்னால் செய்தித்தாளைப் படிக்க முடியவில்லை.

"கார்ட்டூனுக்கா?"

"நான் எப்பவும் பாப்பேன்ல, அந்தக் குடும்பக் காமெடி கார்ட்டூன். அதுல ஒரு பழைய யுத்தப் படத்தக் கிண்டல் பண்ணாங்க. படத்துல சிப்பாய் அடிபட்ட கூட்டாளியத் தோள்ல தூக்கிட்டு ஓடுவான். இதுல தொப்பையோட ஒரு அப்பன், கடைல வாங்குன வறுத்த கோழி வாளியத் தோள்ல தூக்கிட்டு ஓடுறான். சுத்தியும் வெடி. கடைசில இறக்கி வெச்சுப் பாத்தா வாளி காலி. ஒரே ஒப்பாரி."

நண்பன் சிரித்துவிட்டான்.

"நானும் இப்படித்தான் சிரிச்சேன். மாமனார் மிலிட்டரில இருந்தவரு. பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. 'நானும் இறக்கி வெச்சப்புறந்தான் பாத்தேன் மாப்ள, உயிர் இல்ல'ன்னாரு. ஜோக்குன்னு நினைச்சு இன்னும் சத்தமா சிரிச்சேன். திரும்பிப் பாத்தா கண்ணத் தொடைக்கிறாரு."

"மன்னிப்பு கேட்டியா?"

"எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. வெக்கமா போச்சு. டிவிய அணைச்சிட்டு உள்ள போயிட்டேன். மறுநாள் காலைல அவரே வந்து, 'உங்க சந்தோஷத்தக் கெடுத்துட்டேன் மாப்ள, மன்னிச்சிருங்க'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பரவால்ல மாமான்னேன், குரு."